மூன்றாம் ஓலை

கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வயசாகிவிட்டது, பாத்ரூமுக்குப் போகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நினைத்துக்கொள்ளட்டும். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைகளில் ஒரு கலியாணம் என்றால், அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஆராதனையின் நடுவில், மாப்பிள்ளை பெண் இருவருடைய பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். இவர்கள் சேரக்கூடாதபடி நியாயமான தடை ஏதாவது உங்களில் யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். கேட்டபின் வாசிப்பவர் சற்று நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. என் எழுபது சொச்ச வருஷத்தில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரோ இருமுவார்கள், ஒரு குழந்தை சிணுங்கும், மின்விசிறி கறகறவென்று சுற்றும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் என்னால் உட்கார்ந்து கேட்க முடிவதில்லை.

நானே ஓலை வாசித்த காலம் ஒன்று உண்டு. அது கல்கத்தாவில், கிடர்பூரில். எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. வங்காளிச் சபையார் காலையில் ஆராதித்து முடித்த கோயிலில், சாயங்காலம் நான்கு மணிக்கு நாங்கள் கூடுவோம். பாட்டுப் புத்தகங்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, அவர்களுடைய பீரோவுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருப்போம். நாற்பது குடும்பம் இருக்கும். பெரும்பாலும் துறைமுகம், ரயில்வே, என்னைப் போல கஸ்டம்ஸ். பாஸ்டர் ஐயா வெளியூரிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது என் பொறுப்பு. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. வேத அறிவுக்காக என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை; குரல் கணீரென்று இருக்கும், கையெழுத்தும் அச்சடித்த மாதிரி இருக்கும், அதனால்தான். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. சபை நல்ல சபை. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஊரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பார்கள், ரேஷன் கார்டுக்கு அலைவார்கள், பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வர முடியாத பெண்களுக்குப் பத்தியம் சமைத்துக் கொண்டுபோவார்கள். அந்த நல்ல மனிதர்கள் எல்லோரும் சேர்ந்துதான் நான் இங்கே எழுதப்போகிற காரியத்தைச் செய்தோம்.

டேலி அண்ணன் துறைமுகத்தில் கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சீட்டில் குறிக்கிற வேலைக்கு டேலி என்று பெயர். அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்கத்தாவுக்கு நான் வந்த புதிதில் மூன்று மாதம் அவருடைய அறையில்தான் கிடந்தேன். இருந்த ஒரே பாயை எனக்கு விரித்துவிட்டு, அவர் தரையில் செய்தித்தாளை விரித்துப் படுப்பார். குடிப்பழக்கம் கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. ஞாயிறு மூன்றரை மணிக்கே வந்து, பெஞ்சுகளைத் துடைத்து, தகரப் பெட்டியைத் திறந்து வைத்திருப்பார்.

இந்த மனிதருக்குத்தான், அவருடைய கலியாண ஓலைக்கு இரண்டு வருஷம் முன்பு, மனம் பிசகியது. கிரேன் ஓட்டுகிறவர்கள் தன்னைப் பற்றித் தங்களுக்குள் சைகை காட்டிக்கொள்வதாகச் சொன்னார். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினார். ஒருநாள் வேலை நடுவே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சணல் கட்டுகளின் மேல் ஏறி நின்று இறங்க மாட்டேன் என்றார். நாங்கள் ஐந்து பேர் போய்ச் சமாதானம் சொல்லி இறக்கினோம். பிறகு ராஞ்சிப் பக்கம் மனநோய் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் இருந்தார். சபை அவரைக் கைவிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தோம். முறை வைத்துக்கொண்டு ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். அவர் இளைத்துக் கறுத்து, ஆனால் தெளிவாகத் திரும்பி வந்தபோது, கர்த்தர் என் புத்தியை எனக்குத் திருப்பித் தந்தார் என்று சபை நடுவில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். அழாதவர்கள் யாரும் இல்லை. அன்றோடு அந்தப் பேச்சை எல்லோரும் விட்டுவிட்டோம். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆண்டவர் சுகமாக்கிய நோயைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருப்பது அவிசுவாசம் என்று எல்லோருக்குமே ஓர் எண்ணம்.

பெண் பார்த்துக் கொடுத்ததும் சபைதான். செக்ரட்டரி மாமா என்று நாங்கள் கூப்பிட்ட பெரியவர் ரயில்வேயில் ஹெட்கிளார்க், சபைச் செயலர். அவருடைய தங்கை மூலமாக, திருநெல்வேலிப் பக்கத்து ஊரில், டீச்சர் வேலை பார்க்கிற பெண் ஒன்று தெரியவந்தது. இருபத்தேழு வயது, தகப்பன் இல்லை, அண்ணன் பொறுப்பில் இருந்தாள். கல்கத்தாவில் இருக்கிற மாப்பிள்ளையை அவர்களால் நேரில் விசாரிக்க முடியாது. அதனால் சபையிலிருந்து ஒரு சாட்சிக் கடிதம் கேட்டிருந்தார்கள். மாமா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். ஒழுங்காகத் திருவிருந்து எடுக்கிறவர், தீய பழக்கம் இல்லாதவர், நிரந்தர உத்தியோகம். எல்லாம் உண்மை. கடைசி வரி எழுதும்போது, ஆஸ்பத்திரி விஷயத்தையும் ஒரு வரி எழுதிவிடுவோமா என்று கேட்டேன். மாமாவுக்குக் கோபம் வரவில்லை. மனசு கஷ்டப்பட்டது முகத்தில் தெரிந்தது.

"சுகமானவன நோயாளின்னு எழுதச் சொல்லுதியா தம்பி? அப்ப நாம உபவாசம் இருந்ததுக்கு என்ன அர்த்தம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததை, அவர் சொல்வது சரி என்று எடுத்துக்கொண்டேன். கையெழுத்து அழகாக இருந்தது என்று மாமா பாராட்டினார்.

கலியாணம் பெண்ணின் ஊரில். மாப்பிள்ளையின் சபை என்பதால் எங்கள் கோயிலிலும் ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு வாசித்தபோது சபையே சிரித்த முகமாக இருந்தது. இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். அண்ணன்தான் நாளுக்கு நாள் வாடிக்கொண்டு வந்தார். கலியாணப் பயம் என்று அவரைக் கேலி செய்தோம். மூன்றாம் ஞாயிறு அவர் வழக்கமான இடத்தில் உட்காராமல், மூன்றாவது வரிசையில், நடைவழி ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு, நிறுத்தினேன். பத்து வரை மனசுக்குள் எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போவது என் பழக்கம். மூன்றோ நான்கோ எண்ணியிருப்பேன். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு அண்ணன் எழுந்தார். என்னைத்தான் பார்த்தார். சாட்சி சொல்ல எழுந்த அன்றைக்கு எப்படி எச்சிலை விழுங்கிக்கொண்டாரோ அப்படியே விழுங்கிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். சந்தேகமே இல்லை. நான் பாட்டு நம்பரைச் சொன்னேன். ஆர்மோனியத்துக்குக் காத்திராமல் நானே எடுத்துப் பாடவும் தொடங்கினேன். சபை முழுவதும் எழுந்து நின்றது. பாட்டுக்கு அவர் கொஞ்சம் முந்தி எழுந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனை ஒரு பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவோடு நான் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மைனி வந்து இறங்கிய அன்று ஹவுரா ஸ்டேஷனுக்கு இருபது பேர் போயிருந்தோம். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். சபையில் சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் மைனியாகிவிட்டார். பக்கத்து வீட்டு வங்காளிகள் பௌதி என்றார்கள். அதற்கும் அதுதான் அர்த்தம். ஆறே மாதத்தில் மீன்காரனிடம் வங்காளத்தில் பேரம் பேசினார். ஞாயிறுதோறும் வேதபாடம் நடக்கிற ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அண்ணனுடைய சட்டைக் காலர்கள் வெள்ளையாயின. அவர்கள் இருவரும் ஒரு குடைக்குள் கோயிலுக்கு நடந்து வருவதைப் பார்த்து, மாமா என் தோளில் தட்டுவார். நாங்கள் சரியாகத்தான் செய்தோம் என்று அந்தத் தட்டலுக்கு அர்த்தம். நானும் நம்பினேன்.

அந்த வருஷக் கடைசியில் பாகிஸ்தானோடு போர் வந்தது. வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று ஊரெல்லாம் ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புத் தாளை ஒட்டினார்கள். அண்ணனும் ஒட்டினார். பேசுவதைக் குறைத்துக்கொண்டார், சத்தம் கேட்டால் திடுக்கிட்டார். அந்த டிசம்பரில் யார்தான் திடுக்கிடவில்லை? இரண்டு வாரத்தில் போர் முடிந்தது. எல்லோரும் தாளைச் சுரண்டி எடுத்தார்கள். அண்ணன் மட்டும் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு ஒட்டினார். கதவுச் சந்துகளில் துணி அடைத்தார். ரேஷன் வரிசையில் நிற்கிறவர்கள் தன் பெயரைச் சொல்லிச் சிரிப்பதாக மைனியிடம் சொன்னார். மைனி அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். சபையின் மூத்த பெண்களிடம் போய் விவரத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆம்பிளைகளுக்கு வேலைக் கவலை இருக்கும், பொறுத்துப் போ, முழங்காலில் நில், எல்லாம் சரியாகும் என்றார்களாம். சொன்ன ஒவ்வொருவரும் மூன்று வருஷம் முன்பு அவருக்காக வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தவர்கள்.

பிறகு அவர்கள் வீட்டிலேயே ஒரு ஜெபக்கூட்டம் வைத்தோம். பட்டப்பகலிலும் விளக்குப் போட்டிருந்த அந்த ஒற்றை அறையில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். குடும்பங்களின் சமாதானத்தைக் கெடுக்கிற சத்துருவின் கிரியைகளை அழித்துப்போடும் என்று மாமா கண்ணீரோடு ஜெபித்தார். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. ஜெபம் முடிந்ததும் மைனி எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தட்டைக் கையில் பிடித்தபடி நடுவில் நின்றார்.

"எங்கிட்ட ஏதும் குத்தம் இருந்தா சொல்லிருங்க. நான் திருத்திக்கிடுதேன். என்னன்னு தெரியாமத்தான் முழிக்கேன்."

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை மகளே என்று மாமா மட்டும் சொன்னார். அந்த அறையில் இருந்தவர்களில் மைனி ஒருவருக்குத்தான் விஷயம் தெரியாது. நான் கப்பில் ஒட்டியிருந்த பாலாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அண்ணன் மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை, மைனியையும் வெளியே விடவில்லை. கதவை உடைத்துத்தான் உள்ளே போனோம். மறுபடி ராஞ்சி. நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் அழைத்துப் போனோம்; வயிற்றைத் தள்ளிக்கொண்டு மைனியும் வருவேன் என்று வந்துவிட்டார். அங்கே டாக்டர், மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். எந்த மாத்திரை என்று மைனி கேட்டார். கலியாணமான புதிதில், மனைவி பார்த்து என்னவென்று கேட்டுவிடுவாளே என்று அண்ணன் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். டாக்டருக்கு மைனி கேட்டது புரியவில்லை. அதற்குள் அங்கிருந்த குமாஸ்தா, புரானா கேஸ் என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார். பழைய கேஸ் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு மைனிக்கு ஹிந்தி வந்திருந்தது. ஃபைலின் கடைசியில் பார்வையாளர் தாள் ஒன்று இருந்தது. நோயாளியை யார் யார், எந்தத் தேதியில் வந்து பார்த்தார்கள் என்று கையெழுத்தோடு எழுதியிருந்தது. மைனி விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். மாமா, மாமாவின் மனைவி, கரியாஹாட் மளிகைக்கடைக்காரர், பாஸ்டர் ஐயா. எங்கள் சபையின் அன்பு முழுவதும் அந்தத் தாளில் இருந்தது. என் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. சாட்சிக் கடிதத்தில் இருந்த அதே அச்சடித்த கையெழுத்து. அந்தக் கடிதத்தை மைனி பத்திரமாக வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

திரும்புகிற ரயிலுக்காக ஸ்டேஷனில் காத்திருந்தோம். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. நண்பர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மைனி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தம்பி. நீங்கள்லாம் சொல்லல, சரி. அவுகளாவது எங்கிட்டச் சொல்லணும்னு நெனச்சாகளா?"

அந்தக் கேள்விக்குப் பதில் உலகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னால் அண்ணன் நல்லவர் ஆவார்; நான் யார் என்பதும் தெரிந்துவிடும். எனக்குத் தெரியாது மைனி, அண்ணன் எங்கிட்ட ஒன்றும் சொன்னதில்லை என்றேன். சாட்சிக் கடிதத்தைப் போலவே இதுவும் வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அவர் சொல்லவில்லைதானே, சொல்வதற்கு நான்தான் விடவில்லையே. மைனி தலையை ஆட்டிக்கொண்டார். பிரசவத்துக்காக மைனியின் கூடப்பிறந்த அண்ணன் வந்து அவரை ஊருக்கு அழைத்துப் போனார். பெண் குழந்தை பிறந்தது என்று தபால் வந்தது. மைனி பிறகு கல்கத்தாவுக்குத் திரும்பவேயில்லை.

டேலி அண்ணன் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் இருந்தார். முதல் தடவை முறை வைத்துப் போன சபை, இரண்டாம் தடவை மெல்ல ஓய்ந்தது. உபவாசமும் ஓய்ந்தது. ஆண்டவர் ஒருமுறை சுகமாக்கியவனை மறுபடி எப்படிக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. மாமா ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். நான் வருஷத்துக்கு இரண்டு முறை போய், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். பெரும்பாலும் அண்ணன் பேச மாட்டார். ஒரு தடவை, நான் கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்:

"அன்னைக்கு நான் எந்திரிச்சேம்லா. நீ பாட்டச் சொல்லிட்ட."

கோபம் துளியும் இல்லை. பாதி ஆரஞ்சை எனக்குக் கொடுத்தார். அப்போதாவது மைனிக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. காய்ச்சல் கண்டு அவர் இறந்த தகவல் நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. அடக்கம் அங்கேயே முடிந்திருந்தது.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் கிடைத்தது. மைனியின் ஊர் அங்கிருந்து ஒரு பஸ் தூரம். அந்த பஸ்ஸில் ஏற எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். மைனிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் இன்னும் வேலை பார்த்தார். வாங்க தம்பி என்றார், நேற்றுப் பார்த்தவர் போல. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் ஞாயிறு நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்ததையும், நான் பாட்டு எடுத்ததையும், ஆரஞ்சு உரித்துக்கொண்டு அவர் சொன்னதையும் சொன்னேன். மைனி அழவில்லை.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல இதச் சொல்லியிருந்தா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் திரும்பி வந்திருப்பேன் தம்பி. சீக்குக்காக நான் விடல. ஏமாத்திட்டாகன்னுதான் விட்டேன்."

பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். பதினைந்து பதினாறு வயதுப் பெண், அண்ணனின் நெற்றி, அண்ணனின் நின்று பார்க்கிற பார்வை. உன் அப்பா உண்மையை மறைத்து என்னைக் கட்டினார் என்றுதான் இத்தனை வருஷமாக இவளிடம் சொல்லி வளர்த்திருக்கிறேன், அதை என் வாயால் மாற்ற முடியாது, நீங்களே சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். என் கணீர்க் குரல் அன்றைக்கு எழும்பவில்லை. அவள் குறுக்கே எதுவும் கேட்காமல், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் கேட்கிற பிள்ளை போலக் கேட்டாள். முடித்ததும் ஒரு கேள்வி கேட்டாள். மைனிக்குத் தோன்றாத கேள்வி.

"பாட்டு முடிஞ்ச பிறகு அப்பா ஏன் சொல்லல?"

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் உட்காரவில்லை. பெஞ்சின் முதுகைப் பிடித்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு, அப்படியே நின்றார். நான் ஜெபிப்போமாக என்றேன். சபை முழுவதும் முழங்காலிட்டது. ஜெபிப்போமாக என்று கேட்டால் முழங்காலிட்டே பழகிய மனிதர், அவரும் இட்டார்.

இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, சற்றுமுன் மைனியிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.